கழுத்துக்கு மேலே

அம்மா,

என் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எப்போதும் இருக்கிற கோணலோடு இன்றைக்கு இன்னும் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. காலையில் கங்கையம்மன் கோயில் வாசலில், எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். வலது கை. நடுவில் கொப்புளம் எழும்பி, பேனாவைச் சரியாகப் பிடிக்க விடமாட்டேன் என்கிறது. சோப்பு போட்டுக் கழுவியும் சூடத்தின் வாசனை கையை விட்டுப் போகவில்லை. தாளின் மேல் குனிந்தால் மூக்கில் அதுதான் ஏறுகிறது. கூடவே நீங்கள் வருகிறீர்கள்.

ஆமாம், கோதண்டம்தான் எழுதுகிறேன். யாரிடமும் சொல்லி எழுதவைத்தது இல்லை, என் கையால் எழுதுகிறேன். காலனி சமுதாயக் கூடத்தில் சாயங்கால வகுப்பு நடக்கிறது. அங்கே நான்தான் வயசில் மூத்த மாணவன். முதலில் ரொம்ப அழுத்தி எழுதினேன். ஒரு பக்கம் எழுதினால் கீழே மூன்று பக்கத்துக்கு அச்சு விழுந்தது. பேனாவுக்கு எடையே இல்லை என்று கைக்குப் புரியவே பல வாரம் ஆயிற்று. இப்போது பஸ் போர்டு படிக்கிறேன். போன வாரம் ‘ஊத்துக்கோட்டை’ என்று கூட்டி முடிப்பதற்குள் பஸ் கிளம்பிப் போய்விட்டது. எனக்குக் கோபமே வரவில்லை அம்மா. படித்துவிட்டேனே என்று பஸ் ஸ்டாண்டில் நின்று தனியாகச் சிரித்தேன்.

வகுப்பு நடத்தும் பெண் வாரம் ஒரு கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறாள், யாருக்கு வேண்டுமானாலும். உயிரோடு இருக்கிறவர்களிடம் போனில் பேசிவிடலாம். அதனால் எங்களைப் படம் எடுத்த உங்களுக்கு எழுதுகிறேன்.

ஆனால் இன்றைக்குச் சொல்ல வந்தது சந்தோஷமான சேதி இல்லை. எல்லம்மாவைப் பற்றியது. நம் முனுசாமியின் மனைவி. முனுசாமி மாரடைப்பில் போனது உங்களுக்குத் தெரியும், மாலை வாங்கிக்கொண்டு வந்தீர்கள். அன்றைக்கு அவள் வீட்டில் மாட்டியிருந்த படத்தைக் கவனித்தீர்களா? உயிரோடு இருந்தவரை போட்டோவுக்கு நிற்காத மனுஷன். வேறு வழியில்லாமல் ஆதார் கார்டில் இருந்த படத்தைப் பெரிது பண்ணி மாட்டினார்கள். “போலீஸ் ஸ்டேஷன்ல ஒட்டி வெச்ச மூஞ்சி மாதிரி கீது, இது எம் புருசன் இல்ல” என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவன் முகத்தை ஒரு தடவை சரியாகப் பார்த்துவிட வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அந்த முகம் அழியாமல் உங்கள் கேமராவுக்குள் இருந்திருக்கிறது. இரண்டு மாசத்துக்கு முன்னால்தான் எங்களுக்கே தெரிந்தது.

இதை வகுப்புப் பெண் திருத்தித் தருவாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் முதலிலிருந்து எழுதுகிறேன்.

மில் கேட்டுக்கு எதிரே டீக்கடை. ஷிப்டு முடிந்து நாங்கள் எட்டு பேர் நிற்கிறோம். நீங்கள் ஒரு ஓரமாக ஸ்கூட்டியை நிறுத்தி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். முனுசாமி டீ கிளாஸை வாங்கி, இடது காலைப் பின்னால் வைத்து, இடுப்பைத் திருப்பி, அரை வட்டம் சுழன்று என் கையில் கொடுத்தான். எப்போதும் அப்படித்தான் கொடுப்பான். எங்களில் யாருமே அதைப் பார்த்ததில்லை. நீங்கள் கிட்டே வந்து, “அண்ணா, இன்னொரு தடவை அந்த டீயைக் குடுங்களேன்” என்றீர்கள். அவன் உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நீங்க துட்டு குடுக்கிறதா இருந்தா நூறு தடவ குடுக்கறேம்மா” என்றான். கொடுத்தான். அதே திருப்பம்.

நாங்கள் ரோலிங் மில்லில் கம்பி பிடிக்கிற ஆட்கள். உலையில் பழுத்த இரும்பு உருளைகளுக்கு நடுவே நசுங்கி, மெலிந்து, நீண்டு, சிவப்பாக வெளியே பாய்ந்து வரும். அதன் தலையைக் குறடால் பிடித்து, அரை வட்டம் சுழன்று, அடுத்த உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். கொடுத்த உடனே அடுத்தது வரும். கொஞ்சம் பிந்தினால் கம்பி காலைச் சுற்றும். வருஷக்கணக்காகச் செய்து செய்து அது உடம்பிலேயே தங்கிப்போய், டீ கொடுக்கும்போதுகூட வெளியே வந்திருக்கிறது.

அதை நீங்கள் நடனம் என்றீர்கள். நாங்கள் சிரித்தோம். சின்ன வயசிலிருந்து நடனம் படித்து, மேடை ஏறி, முட்டி போய், ஆட முடியாமல் கேமரா எடுத்த கதையை அந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொன்னீர்கள். “முட்டி போனதும் ரொம்ப அழுதேன். அப்புறம் பார்த்தா ஊரே ஆடிக்கிட்டிருக்கு, படம் எடுக்கத்தான் ஆள் இல்ல” என்றீர்கள். பழவேற்காட்டில் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து கையால் துழாவி இறால் பிடிப்பதை எடுத்திருந்தீர்கள். அத்திப்பட்டில் ஒரு பெண் கொடியில் காய்கிற துணியிலிருந்து அனல்மின் நிலையச் சாம்பலைத் தட்டித் தட்டி உதறுவதை எடுத்திருந்தீர்கள். போனில் காட்டினீர்கள். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. இதெல்லாம் யார் செலவு என்று கேட்டதற்கு, ஆறு மாசம் கல்யாண வீட்டிலும் மஞ்சள் நீராட்டு வீட்டிலும் வீடியோ எடுப்பேன், மீதி ஆறு மாசம் இது என்றீர்கள்.

மில்லுக்குள் எடுக்க அனுமதி கிடைக்கவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில், காலனிக்குப் பின்னால் தண்ணீர் வற்றிய ஏரியில், வெறும் குறடோடு நிற்க வைத்தீர்கள். உலை இல்லை, உருளை இல்லை, கம்பி இல்லை. ஆளுக்கு ஆள் வெட்கம். முனுசாமிதான் வாயைத் திறந்தான்: “இன்னாம்மா இது, கம்பி இல்லாம கொறடு புடிக்கிறது, பொண்ணு இல்லாம தாலி கட்ற மாதிரி கீது.” நீங்கள் கேமராவுக்குப் பின்னால் குலுங்கிச் சிரித்ததில் அந்தக் காட்சியே ஆடிப்போய்விட்டது. மூன்றாவது ஞாயிறு எங்களுக்கே பழகிவிட்டது. நாலு பேர் இந்தப் பக்கம், நாலு பேர் அந்தப் பக்கம், இல்லாத கம்பியை வாங்கி வாங்கிக் கொடுத்தோம். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம் கான்ட்ராக்ட் மேஸ்திரி காதுக்குப் போய்விட்டது. மில்லைப் பற்றித் தப்பாகப் படம் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதில் எவன் முகம் தெரிகிறதோ அவன் நாளையிலிருந்து கேட்டுக்கு வெளியேதான் என்று சொல்லிவிட்டான். நாங்கள் யாரும் நிரந்தர ஆள் இல்லை. அன்றைக்கே உங்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். எங்கள் பக்கத்தில் பேச்சை நம்புவதில்லை, சூடத்தை நம்புவோம். அம்மன் வாசலில் கல்லின் மேல் சூடம் கொளுத்தி, சத்தியம் பண்ணச் சொன்னோம். எட்டு பேரில் எவன் முகத்தையும் யாருக்கும் காட்டமாட்டேன் என்று சொல்லி, நீங்கள் உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும்.

நீங்கள் கையை ஓங்கிவிட்டு நிறுத்தினீர்கள். “யாருக்கும்னா, எனக்கும் சேர்த்தா?”

முனுசாமி சொன்னான்: “நீ பாத்துக்க தாயி. உன் கண்ணோட நிக்கட்டும்.”

அணைத்தீர்கள். கை சுட்டதைக் காட்டிக்கொள்ளவில்லை.

படம் வெளிநாடெல்லாம் போய்விட்டு வந்தது. பரிசு வாங்கியது. யார் பார்த்து என்ன, இவர்கள் பார்க்க வேண்டும் என்று பள்ளிக்கூடச் சுவரில் வெள்ளைத் துணி கட்டி எங்களுக்குப் போட்டுக் காட்டினீர்கள். சொன்ன சொல் காப்பாற்றியிருந்தீர்கள். கழுத்துக்கு மேலே எதுவுமே இல்லை. தோள், கை, குறடு, இடுப்பு, கால். ஏரி மண்ணில் காலடி விழுகிற சத்தம். கடைசியில் எழுத்து ஓடியது. உங்களோடு வந்த எடிட்டர் தம்பி எங்களுக்காக உரக்கப் படித்தார்: ‘ஆடியவர்கள் எட்டுப் பேர்.’ போன மாசம் போனில் அதை மறுபடி பார்த்தேன். அந்த வரியை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். வேறு பெயர் எதுவும் இல்லை. சரிதான், நாங்கள் கேட்டதுதான்.

பெண்களுக்கு அன்றைக்கு ஒரே விளையாட்டு. யார் கால், யார் கை என்று கண்டுபிடித்தார்கள். எல்லம்மா, “அந்த வெடிச்ச குதிகாலு என் ஊட்டுக்காரரது” என்று கத்த, கூட்டம் கைதட்டியது. ஆனால் திரும்பி நடக்கும்போது முனுசாமி என்னிடம், “இன்னாண்ணே, எட்டு முண்டம் ஆடிக்கினு கீது” என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கொஞ்ச தூரம் போனபிறகு சிரிப்பு இல்லை. “நாளைக்கி என் பேரப்புள்ள இத்தப் பாத்து இன்னா தெரிஞ்சுக்கும்? தாத்தாவுக்குக் காலு கறுப்புன்னா?”

அதை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று அவனே தடுத்தான். சத்தியம் கேட்டது நாம், இப்போது குறை சொன்னால் அந்தப் பொண்ணு மனசு நோகும் என்றான். அப்புறம் அவன் போனான். அப்புறம் நீங்கள் படுத்தீர்கள். வேப்பம்பட்டு வாடகை வீட்டுக்கு நான் வந்தபோது தலையில் முடி இல்லாமல் உட்கார்ந்து, அடுத்த படத்தைப் பற்றியே பேசினீர்கள். கம்பி பிடித்து வலி கண்ட என் இடது தோள் எப்படி இருக்கிறது என்று விசாரித்தீர்கள். அந்த முகங்களை வைத்திருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சத்தியத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் சொல்லவில்லை என்று இப்போது புரிகிறது.

நீங்கள் போன பிறகு வீட்டைக் காலி செய்தபோது, எடிட்டர் தம்பிக்கு வெட்டாத அந்தப் படம் கிடைத்திருக்கிறது. எட்டு பேரும் முழுசாக, தலையோடு. சத்தியத்தின் கதை தெரிந்தவர், அதனால் யாருக்கும் காட்டாமல் நேராக எங்களிடம் வந்தார். நாங்கள் சம்மதித்தால் முகத்தோடு படத்தைத் திரும்பக் கோர்ப்பதாகவும், இல்லையென்றால் எங்கள் முன்னாலேயே அழித்துவிடுவதாகவும் சொன்னார். எல்லம்மா பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

அதற்கப்புறம் காலனியில் நடந்ததை எழுதக் கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும். எங்கள் எட்டு பேரில் ஐந்து பேர் பிழைப்புக்கு ஊர் மாறிப் போய்விட்டார்கள். என்னோடு கன்னியப்பன் இன்னும் இங்கே இருக்கிறான், அவன் மகன் அதே மேஸ்திரியிடம்தான் வேலை செய்கிறான். “சூடத்த அணச்சுட்டு ஒளிச்சு வெச்சுக்கினா அம்மா சும்மா உடுமா? அதான் அந்தம்மாவ வாரிக்கினு போயிருச்சு” என்றான். நாலு பேர் தலையாட்டினார்கள். உங்கள் நோய்க்கு நீங்களே காரணமாம். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. பாத்துக்க தாயி என்று முனுசாமி சொன்னதை நான் காதால் கேட்டேன், நீயும்தான் அங்கே நின்றாய் என்று சொன்னேன். அவன் இல்லையென்று சொல்லவில்லை. “மனுசங் கேட்டா போதுமாண்ணே, அம்மன் கேட்டுதா?” என்றான். அதற்கு எழுந்து வந்துவிட்டேன்.

அம்மா, நான் சாமி கும்பிடுகிறவன். வாயால் அவனுக்குப் பதில் சொல்லிவிட்டேன், மனசுக்குச் சொல்ல முடியவில்லை. எங்கள் பயத்துக்காக உங்கள் கையைச் சூடத்தில் வைக்க வைத்தோமே, அது உங்களைத் தொடர்ந்ததோ என்று பல நாள் சோறு இறங்கவில்லை. இன்றைக்கும் அது முழுசாகப் போகவில்லை.

எல்லம்மா தினமும் வந்து நிற்பாள். “அழிச்சுடப் போறாங்களா மாமா?” என்று ஒன்றே ஒன்று கேட்பாள், போய்விடுவாள். கடைசியில் பூசாரியிடம் போனோம். சத்தியம் வாங்கினவன் அதைத் திருப்பிக் கொடுக்கலாம், ஆனால் அவனவன் பங்கை அவனவன்தான் கொடுக்க வேண்டும் என்றார். மறுபடி சூடம் ஏற்றி, உங்களை நினைத்து ‘நீ கட்டுப்பட வேண்டாம்’ என்று சொல்லி அவனவன் கையால் அணைக்க வேண்டும். கன்னியப்பன் தன் பங்கைத் தரமாட்டேன் என்றான். “கோவிச்சுக்காதண்ணே, புள்ளைக்கி கேட்டு தொறக்கணும்” என்றான். அன்றைக்கு நாங்கள் எட்டு பேரும் பேசியது அதைத்தானே.

சரி, செத்தவன் பங்கை யார் கொடுப்பது? பூசாரி தாடையைச் சொறிந்தார். அண்ணன் தம்பி இல்லை, மகன் குஜராத்தில் வேலைக்குப் போயிருக்கிறான். புருஷன் போனவள் அம்மன் வாசலில் சூடம் தொடலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். எல்லம்மா யாரையும் பார்க்கவில்லை. பூசாரியை மட்டும் பார்த்துச் சொன்னாள்: “பொறி பட்டுப் பொத்தல் உழுந்த சட்டய முப்பது வருசம் தெச்சுக் குடுத்தவ நானு. அவரு பங்கு எங்கிட்டதான் கீது.”

பூசாரி வழி விட்டார். இன்று காலை நான் என் பங்கை அணைத்தேன், அவள் அவன் பங்கை அணைத்தாள். அணைத்துவிட்டு உள்ளங்கையை மூடிக்கொண்டு, நேராக வீட்டுக்கு நடந்தாள். எடிட்டர் தம்பியும் நானும் பின்னாலேயே போனோம்.

பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் லேப்டாப்பை வைத்துப் போட்டார். முதலில் முனுசாமி கேமராவுக்குப் பழிப்புக் காட்டுகிறான். காதோரம் மச்சம், உடைந்த பல், எல்லாம் இருக்கிறது. எல்லம்மா திரையில் விரல் வைத்து அந்த மச்சத்தைத் தொட்டாள். “இதான், இதான்” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தத் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் குறடைத் தூக்கினான். கால் பின்னால் போனது, இடுப்பு திரும்பியது, கை சுழன்றது. நீங்கள் உலகத்துக்கெல்லாம் காட்டினீர்களே, அதே அழகு. கழுத்துக்கு மேலே, அம்மா, வேறு ஒரு மனுஷன் இருந்தான். கண்ணை இறுக்கி, பல்லைக் கடித்து, அறை விழப் போகிற குழந்தை மாதிரி முகத்தை ஒரு பக்கம் ஒதுக்கி, கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டான். கம்பியைக் கொடுத்து முடித்ததும் முகம் ஒரு நொடி விடும். அடுத்ததற்கு மறுபடி அதே பயம். எதிரே கம்பி இல்லை, நெருப்பு இல்லை. வறண்ட ஏரி, பின்னால் ஒரு ஆடு நின்று மென்றுகொண்டிருக்கிறது. கைக்கும் காலுக்கும் அது ஞாயிற்றுக்கிழமை. முகம் மட்டும் மில்லிலேயே இருந்தது.

எல்லம்மா சிரிப்பை நிறுத்திவிட்டாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். அப்புறம் இன்னொரு தடவை. “ஊட்டுக்குள்ள நொழயும்போதே பாட்டு பாடிக்கினு வருவாரு மாமா” என்றாள். மறுபடி திரையைப் பார்த்து, “இந்த மொகத்த எனக்குக் காட்டவே இல்ல இந்த மனுசன்” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலை.

பிறகு என் பக்கம் திரும்பி, “உனக்கும் இப்டித்தான் இருந்துச்சா மாமா?” என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்குப் பயமே இருந்ததில்லை என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். என் பேரனிடம்கூட அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அந்தத் தம்பி அடுத்ததைப் போட்டார். அதில் நான் இருந்தேன். அதே முகம். முனுசாமியைவிட மோசம், நான் வாயைத் திறந்து வைத்திருக்கிறேன்.

நடனப் பள்ளியில் பயத்தை முகத்தில் கொண்டுவர உங்களுக்கு இரண்டு வருஷம் ஆயிற்று என்றும், அப்போதும் உங்கள் டீச்சர், “இது கரப்பான்பூச்சியப் பார்த்த பயம்டீ” என்று சொன்னார் என்றும் டீக்கடையில் ஒரு தடவை சொல்லிச் சிரித்தீர்கள். அப்படிப்பட்டவருக்கு இந்த எட்டு முகமும் என்னவாக இருந்திருக்கும்? இதைக் காட்டியிருந்தால் உங்கள் படம் எங்கேயோ போயிருக்கும் என்று அந்தத் தம்பி சொல்கிறார். நீங்களோ ஒவ்வொரு காட்சியாகக் கழுத்தோடு வெட்டி, மீதியைத் தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள். வேப்பம்பட்டு வீட்டில் தலையில் முடியில்லாமல் இருந்தபோதும் பார்த்தீர்களாம். தூக்கம் வராத நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு எதையோ போட்டுப் பார்ப்பீர்களாம், அது இதுதான் என்று தம்பிக்கு இப்போதுதான் புரிந்ததாம்.

உன் கண்ணோட நிக்கட்டும் என்று முனுசாமி சொன்னான். அவன் எதைக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுத்தான், நீங்கள் தெரிந்தே வாங்கி வைத்திருந்தீர்கள். எங்கள் எட்டு பேருக்குமே தெரியாத எங்கள் பயத்தை நீங்கள் ஒருத்தர் இவ்வளவு காலம் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். அதற்கு மேல் அம்மன் உங்களைத் தண்டித்தாள் என்று எவனாவது சொன்னால், இனி நான் எழுந்து போக மாட்டேன், உட்கார்ந்து பதில் சொல்வேன். என் மனசுக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது மெதுவாகத்தான் கேட்கிறது.

அந்த முகத்திலிருந்து சிரிக்கிற இடத்தை மட்டும் எடுத்து போட்டோ போட்டுத் தரட்டுமா, சுவரில் மாட்டலாம் என்று அந்தத் தம்பி எல்லம்மாவைக் கேட்டார். அவள் உடனே சரி சொல்வாள் என்று நினைத்தேன். “சிரிச்சத நான் முப்பது வருசம் பாத்துட்டேன் தம்பி” என்றாள். பயந்த முகத்தைப் படத்தில் சேர்க்கலாமா என்று கேட்டதற்கு, “கொஞ்ச நாளு எங்கூட இருக்கட்டும். நானே இன்னும் அவருகிட்ட பேசி முடிக்கல” என்றாள். லேப்டாப்பை அவள் வீட்டிலேயே வைத்துவிட்டுத் தம்பி ரயிலேறிவிட்டார். நான் கிளம்பும்போது அவள் மறுபடி அதைப் போட்டு, ஒவ்வொரு தடவை அவன் முகத்தை ஒதுக்கும்போதும் திரையில் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

என் முகம் என் வசம் வந்துவிட்டது. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. நாளைக்குப் பேரனிடம், தாத்தாவுக்குப் பயமாகத்தான் இருந்தது என்று சொல்லிப் பார்க்கப் போகிறேன். அவன் என்ன சொல்கிறானோ. எல்லம்மாவும் அதற்குள் ஒரு முடிவு சொல்வாள். அவள் காட்டட்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும், கொப்புளம் அதற்குள் ஆறியிருக்கும், அடுத்த வாரம் முதலில் உங்களுக்குத்தான் எழுதுவேன். உங்கள் படம் அல்லவா.

கோதண்டம்